சம்பளப் பிடித்தங்களை ஒன்றாக்கினால் தொழிலாளிக்கு நன்மையா?

கேள்வி: கணக்குப் பிரிவு ஊழியர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பனியன் நிறுவனத்தின் செக்கிங் பிரிவில் அடிப்படையும் பஞ்சப்படியுமாக மாதம் 14,000 ரூபாய் பெறும் ஓர் அம்மாவின் சம்பளத்தில் பிஎப் 1,680 ரூபாயும் இஎஸ்ஐ 105 ரூபாயும் பிடிக்கிறோம். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் சேரும் மாதத்தில், கைக்கு வரும் தொகை ஏன் இவ்வளவு குறைந்தது என்று அவர் கேட்கிறார். மேலாளர்களுக்கு வருமான வரியும் உண்டு. அதைப் பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், பிஎப், இஎஸ்ஐ இரண்டையும் 15ஆம் தேதிக்குள்ளும் கட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே பிடித்தமாக்கி, அரசே பிரித்துக்கொள்ளும்படி சட்டம் செய்தால் என்ன?

மறுமொழி 1: வரி ஆலோசகர், கோவை

உங்கள் சிரமம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் நான்கில் இரண்டு மட்டுமே வரி. பிஎப் அந்த அம்மாவின் சொந்தச் சேமிப்பு. இஎஸ்ஐ, 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுவோருக்கான காப்பீடு. அதற்கு நிறுவனமும் 3.25 சதவீதம் செலுத்துகிறது. வருமான வரி ஒன்றிய அரசுக்குப் போய், அதில் ஒரு பங்கு மாநிலங்களுக்குத் திரும்புகிறது. தொழில் வரியோ மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் உரியது.

என் மனத்தை உறுத்துவது தொழில் வரிதான். அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. 1988இல் உயர்த்தப்பட்ட அந்த வரம்பு இன்றும் மாறவில்லை. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டியவர் அனைவருக்கும் ஒரே தொகை. ஆகவே அரையாண்டில் 84,000 ரூபாய் ஈட்டும் அந்த அம்மாவும், மாதம் இரண்டு லட்சம் வாங்கும் மேலாளரும் சமமாகவே கட்டுகிறார்கள். தொழில் வரியை வருமான வரியோடு இணைத்தால், வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத அந்த அம்மாவுக்கு இச்சுமை நீங்கும். ஆனால் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் செலவிடும் உள்ளாட்சி, தன் கையிலிருக்கும் வருவாயை விட்டுவிட்டு மேலிருந்து வரும் பங்குக்குக் காத்திருக்க நேரும்.

மறுமொழி 2: ஈரோட்டுக்காரர், தற்போது பிரிட்டனில்

இங்கே வருமான வரியையும், அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் செலுத்தும் தேசியக் காப்பீட்டுத் தொகையையும் நிறுவனமே சம்பளத்தில் பிடித்து ஒரே துறைக்குச் செலுத்துகிறது. ஆனாலும் சம்பளச் சீட்டில் அவை தனித்தனிப் பதிவுகளாகவே இருக்கின்றன. 2011ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், இரண்டின் நிர்வாகத்தையும் இணைப்பது பற்றிக் கலந்தாய்வு நடத்தப்படும் என்று அறிவித்தும் அது நிறைவேறவில்லை. தேசியக் காப்பீடு உழைப்பின் வருவாய்க்கு மட்டுமே உண்டு, ஓய்வூதியத்திற்கு இல்லை. இரண்டையும் ஒரே விகிதமாக்கினால், முதியவர்கள் தலையில் புதிய வரி விழும். அல்லது அவர்களுக்கென்று தனி விகிதம் வைக்க வேண்டிவரும்.

மறுமொழி 3: ஓவர்லாக் டெய்லர், அவிநாசி

நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் சீட்டில் பிஎப் பிடித்ததாகக் காட்டியிருந்தும், பிஎப் பாஸ்புக்கில் தொகை ஏறவில்லை. சீட்டில் பிஎப் பதிவு தனியாக இருந்ததால்தான் நாங்கள் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிந்தது. மொத்தமாக ஒரே தொகை என்று போட்டிருந்தால் எதைக் காட்டிக் கேட்டிருப்போம்? தயவுசெய்து எங்கள் சேமிப்பை வரியோடு கலக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

உண்மைதான், அம்மா. பிஎப், இஎஸ்ஐ இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். தொழில் வரி ஒரே மாதத்தில் மொத்தமாக விழுவதையாவது தவிர்க்க முடியுமா?

மறுமொழி 1 எழுதியவர்

முடியும். அரையாண்டுக்கான உச்ச அளவான 1,250 ரூபாயை மாதம் சுமார் 208 ரூபாயாகப் பிடித்து வைத்து, அரையாண்டு முடிவில் கட்டும் நிறுவனங்கள் இங்கே உண்டு. தொழிலாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி, சீட்டில் தனிப் பதிவாகக் காட்டுங்கள். இடையில் வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே நேர் செய்துவிட வேண்டும்.