புதுப்பிப்பு: வெள்ளைப்புள்ளி வந்த மோலி மீன்கள் தேறிவிட்டன

என் மீன் தொட்டியில் உள்ள மோலி மீன்களின் உடம்பில் ரவை தூவியது போலப் புள்ளிகள், கல்லில் உரசிக்கொண்டே இருக்கின்றன என்று பத்து நாள் முன்பு எழுதியிருந்தேன். ஆறில் ஐந்து பிழைத்துவிட்டன. கறுப்பு மோலி மூன்றாம் நாளே போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஹீட்டரை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினேன். லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்ப் இரவு பகலாக ஓடியது. ஐந்தாம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன. ஆனால் அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது! வெள்ளைப்புள்ளி ஓர் ஒட்டுண்ணியால் வரும் நோய்; உதிர்ந்த அந்த ஒட்டுண்ணி அடிமணலில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். நீந்தித் திரியும் அந்தக் கட்டத்தில்தான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். இன்னும் ஒரு வாரம் உப்பைக் குறைக்கப் போவதில்லை.

நேற்று ஐந்தும் தீனிக்கு மேலே ஓடி வந்தன.