வெற்றிலையில் எவ்வளவு சத்து என்று கையடக்கக் கருவி சொல்லுமா?

ராஜகிரி கொடிக்கால்:
எங்களுக்கு ராஜகிரியில் கொடிக்கால். 2025-இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கேள்விப்பட்டு, சாறு எடுக்கிற ஒருவர் மொத்தமாக இலை கேட்கிறார். யூஜினால் (காரமும் மணமும் தரும் எண்ணெய்ப் பொருள்) எவ்வளவு, மொத்த பீனால் (யூஜினாலும் சேர்ந்த ஒரு வகைத் தாவர வேதிப்பொருள்கள்) எவ்வளவு என்று எண்ணில் எழுதித் தர வேண்டுமாம். காரம் தூக்கலாக இருக்கும் என்று வாயால் சொன்னால் ஏற்க மாட்டாராம். இலை மேல் வைத்தால் சில நொடியில் எண் காட்டும் அகச்சிவப்புக் கருவி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
நெல் கொள்முதலில் 17 சதவீத ஈரப்பதம் பார்க்க மீட்டர் வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரிதானே? வாங்குங்கள் அண்ணே.

தஞ்சை ஆய்வகம்:
இல்லீங்க, அந்த மீட்டர்கள் பெரும்பாலும் மின்சாரத்தை வைத்து அளப்பவை. இது ஒளி. ஆனால் இந்த முறையும் தானிய ஈரப்பதத்தில்தான் தொடங்கியது. அமெரிக்க வேளாண் துறையில் கார்ல் நாரிஸ் வளர்த்தெடுத்தார்.

நான் தினமும் செய்கிற வேலை இது. கருவி யூஜினாலைத் தனியாகப் பிரித்து எடுப்பதில்லை. 780 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான ஒளியில் எதை இலை எவ்வளவு விழுங்குகிறது என்று ஒரு கோடு வரையும், அவ்வளவுதான். அதை எண்ணாக மாற்றுவது ஒரு கணக்கு. முன்பே யாரோ நிறைய இலைகளை ஹெச்பிஎல்சி என்ற, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஆய்வகக் கருவியில் அளந்து, அதே இலைகளின் கோடுகளோடு பொருத்தி வைத்திருப்பார்கள். அவர்கள் எந்த இலையை அளந்தார்கள்? தேயிலைக்குப் போட்ட கணக்கு உங்கள் வெற்றிலைக்கும் கூசாமல் ஓர் எண்ணைக் கொடுக்கும்.

இன்னொரு சிக்கல் தண்ணீர். பச்சை வெற்றிலையில் பெரும்பகுதி அதுதான். 1450, 1940 நானோமீட்டர் பக்கம் அது ஒளியைக் குடித்துவிடுவதால் மற்றவை அமுங்கிப்போகும். காயவைத்துப் பொடித்தால் கோடு தெளியும். ஆனால் யூஜினால் ஆவியாகிற சரக்கு, காயும்போதே கொஞ்சம் பறந்துவிடும்! அதனால் மொத்த பீனாலுக்குப் பொடி. யூஜினாலுக்குப் பறித்த அன்றே பச்சை இலை, ஒப்பிட கேஸ் குரோமட்டோகிராஃப், அதாவது ஆவியாகும் பொருள்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகக் கருவி. இரண்டையும் ஒரே தொடுதலில் சொல்லும் என்று விற்பவர் அடித்துச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான்.

ராஜகிரி கொடிக்கால்:
அப்போ எங்கள் இலையை வைத்தே கணக்குப் போட முடியாதா?

தஞ்சை ஆய்வகம்:
தாராளமாக முடியும். இளங்கொடி, முதிர்கொடி, கொழுந்து, அடியிலை, ஐப்பசி மழையில் பறித்தது, சித்திரை வெயிலில் பறித்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே வரிசையில் கவுளி கவுளியாகப் பறித்துக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. கணக்கில் சேர்க்காத இலைகளைக் கொஞ்சம் தனியே வைத்து, கருவி சொல்வதும் ஆய்வகம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆய்வகச் செலவு ஒருவருக்குக் கட்டாது. பண்டாரவாடை, அய்யம்பேட்டைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விற்பனைக்கு மட்டும் என்றால் கருவியே வேண்டாம், ஆய்வக அறிக்கை போதும்.

ராஜகிரி கொடிக்கால்:
சரிங்க. எந்த இலைக்குப் போட்ட கணக்கு என்று கருவி விற்பவரைக் கேட்கிறேன். யூஜினாலா, மொத்த பீனாலா, விலையை எதை வைத்துப் போடுவார் என்று வாங்குகிறவரையும் கேட்டுவிடுகிறேன்.