பாபி ராப்சன் ஏன் இங்கிலாந்தை விட்டுப் போனாரு?

1990 ஃபுட்பால் உலகக் கோப்பைல கோச்சா இருந்து இங்கிலாந்தை செமி ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவரு, முடிஞ்ச கையோட நெதர்லாந்து கிளப் பிஎஸ்விக்குப் போயிட்டாரே, ஏன்? வெளிநாட்டுல உருப்படியா எதாச்சும் ஜெயிச்சாரா?

பதில்: கான்ட்ராக்ட்டை நீட்டிக்க மாட்டோம்னு உலகக் கோப்பைக்கு முன்னாடியே இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் கைய விரிச்சுட்டாங்க ப்ரோ, அவரு வேற என்ன பண்ணுவாரு.

பதில்: உருப்படியாவா?! பிஎஸ்வில 1991, 1992 ரெண்டு வருஷமும் லீக் சாம்பியன். அடுத்து போர்ச்சுகல்ல ஸ்போர்ட்டிங் கிளப், அங்க டீம் லீக்ல டாப்ல இருக்கும்போதே யூஇஎஃப்ஏ கப்ல (ஐரோப்பிய கிளப் போட்டி) ஆஸ்திரியா டீம் சால்ஸ்பர்க்கிட்ட தோத்ததுக்கு 1993 டிசம்பர்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க (என்ன அநியாயம்), மனுஷன் நேரா எதிரி டீம் போர்ட்டோவுக்குப் போய் 1994 போர்ச்சுகல் கப் ஃபைனல்ல அதே ஸ்போர்ட்டிங்கையே தோக்கடிச்சு, 1995, 1996 லீக்கையும் தூக்கிட்டாரு. பழிவாங்கல்னா இதான்.

பதில்: போர்ச்சுகல்ல ராப்சன் மொழிபெயர்க்க கூட வச்சிருந்த பையன் யாரு தெரியுமா, பின்னாடி பெரிய கோச்சான மொரின்யோ! பார்சிலோனாவுக்கும் கூட்டிட்டுப் போனாரு. அங்க 1996-97ல பிரேசில் ரொனால்டோ மட்டும் 47 கோல், கோப்பா டெல் ரே (ஸ்பெயின் கப்), கப் வின்னர்ஸ் கப் (ஐரோப்பிய கப்)னு எல்லாம் வந்துச்சு, லீக் மட்டும் மிஸ். அதுக்கே அவரை ஓரங்கட்டிட்டு வான் கால்ங்கிற நெதர்லாந்து கோச்சைக் கொண்டு வந்தாங்க.

கேட்டவர்: மொரின்யோ மேட்டர் தெரியவே தெரியாது, நன்றிங்க