செக் வழக்குக் கட்டை ஏஐ படித்துச் சுருக்கினால் நீதிபதிக்கு உதவுமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. பனியன் சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பிய வழக்குகள் திருப்பூர்ப் பக்கம் நிறைய. கட்டைப் படித்துத் தேதிப் பட்டியல் போடும் வேலையை ஏஐ-யிடம் கொடுக்கலாமுங்களா? எங்கே தப்பும்?

பவானிக்கூடல்:
தேதியை எடுத்துத் தரட்டுமுங்க, கெடுவைக் கணக்குப் போட விடாதீங்க. செக் வழக்குக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில், செக் திரும்பியதை வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது எதிரி (செக் கொடுத்தவர்) கைக்குப் போனபின் பணம் கட்ட 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸில் அச்சடித்த தேதியிலிருந்தே ஏஐ 15 நாளை எண்ணிவிடும். எண்ண வேண்டியது நோட்டீஸ் கிடைத்ததைக் காட்டும் தபால் ஒப்புகை அட்டைத் தேதியிலிருந்து.

இன்னொன்று, ஒரு மாதத்தை 30 நாளாக்கிவிடும். மார்ச் 3-ல் நோட்டீஸ் கிடைத்தால் 18 வரை அவகாசம். 19-ல் வழக்கு மூலம் (புகார் கொடுக்கும் உரிமை) எழும், அந்த நாளைத் தள்ளி எண்ணினால் ஏப்ரல் 19 வரை புகார் கொடுக்கலாம். 30 நாள் கணக்கு ஏப்ரல் 18-லேயே முடித்துவிடும். தாமதத்தை மன்னிக்க அதே சட்டத்தின் 142-ல் வழி உண்டுதான், ஆனால் தாமதமே ஆகாத புகாருக்கு மன்னிப்பு மனு எதுக்குங்க?

செக் திரும்பியதற்கு வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவில் தேதி மேலேயே வங்கி முத்திரை விழுந்திருந்தால் 3-ம் 8-ம் மாறிப்போகும். 300 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் பண்ணுங்க. ஒவ்வொரு தேதிக்கும் கட்டின் பக்க எண் கேளுங்க. பக்க எண் இல்லாத வரியை அடித்துவிடணும்.

காங்கேயம்காடு:
அண்ணன் சொன்னதை விட எனக்குப் பயம் சாட்சியத்தில்தானுங்க. "கையெழுத்து என்னுது இல்லீங்க" என்று எதிரி வேகமாகச் சொன்னால், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் நடுவில் இருப்பதை விழுங்கி "என்னுதுங்க" என்று போட்டுவிடலாம். கையெழுத்தை ஒத்துக்கொண்டதாகிவிட்டால் செக் கடனுக்காகத்தான் கொடுத்தது என்ற 139-ன் அனுமானம் எழுந்துவிடும், அதை உடைக்கும் பாரம் எதிரி தலையில். அதனால் சாட்சி கூண்டில் நிற்கும்போதே படித்துக் காட்டித் திருத்தணும், ஒலிப்பதிவையும் அழிக்கக்கூடாது.

வாளையாறு தாண்டினால், கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கையே வகுத்திருக்குது. முடிவு, நிவாரணம், தீர்ப்பு எதற்கும் ஏஐ-யை நம்பக்கூடாது, பயன்படுத்தியதைப் பதிவு செய்து வைக்கணும். நம்ம பக்கமும் அப்படி எழுத்தில் வேணுமுங்க.

சிறுவாணி:
முன்தீர்ப்பு கேட்டால் இல்லாத வழக்கையும் கூச்சமில்லாமல் எழுதித்தரும். அப்படி வந்ததைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 2023-ல் நியூயார்க்கில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பென்றால் அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் தளத்தில் திறந்து, சொன்ன பத்தி அங்கே இருக்குதா என்று பார்த்துட்டு அப்புறம் பெஞ்சுக்கு அனுப்புங்க. கட்சிக்காரர் வங்கி விவரத்தோடு இருக்கும் கட்டை இலவச சாட்பாட்டில் ஏற்றவே கூடாதுங்க.