தெளியேடு: ஒளி கடக்கும், வளையும் சூரியக் கலத்துக்கு ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் பாடக்குறிப்புக்காகத் தாங்கள் சென்ற வாரம் முன்வைத்த "ஒளிபுகு நெகிழ் மென்படலச் சூரிய மின்கலம்" என்னும் தொடரை மூன்று நாளாக வாயில் போட்டு மென்று பார்த்தேன். வரையறையாக அது நன்றாகவே நிற்கிறது. பெயராக நிற்குமா என்பதில்தான் ஐயம். ஒரு மணி நேர வகுப்பில் முப்பது முறை சொல்ல வேண்டிய பெயர் இவ்வளவு நீண்டால், மூன்றாம் முறையிலேயே மாணவர் "ப்ளெக்சிபிள் சோலார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நீளத்தை விடப் பெரிய சிக்கல் "ஒளிபுகு" என்பதில் இருக்கிறது. கண்ணாடிக்கு அச்சொல்லைப் பள்ளியிலேயே படித்துவிட்டதால் அது நமக்கு உறுத்துவதில்லை. ஆனால் எந்தச் சூரியக் கலமாக இருந்தாலும் அதற்குள் ஒளி புகத்தான் வேண்டும். புகுந்தது உள்ளேயே உட்கவரப்பட்டு மின்னாக மாற வேண்டும். மில் கூரைகளில் கிடக்கும் கறுத்த சிலிக்கான் பலகையிலும் ஒளி புகுகிறது, மறுபுறம் வெளியே வருவதில்லை, அவ்வளவுதான். ஆகவே நாம் பெயரிட விரும்பும் பொருளின் சிறப்பு ஒளி புகுவதில் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதாவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்கள், பெருமளவு அதைக் கடந்து அப்பால் செல்வதில் இருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே உள்ள புறஊதாக் கதிரையும் அகச்சிவப்பின் அண்மைப் பகுதியையும் மட்டும் பிடித்து மின்னாக்கும் கலமே உண்மையில் தெளிவான கலம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுக்கொடுப்பதால் விளைச்சல், அதாவது விழும் ஒளியாற்றலில் மின்னாகும் பங்கு, குறையும்: ஒற்றைச் சந்திக் கலத்தின் (ஒளியை உட்கவர ஒரே ஓர் அடுக்கு மட்டும் உள்ள கலத்தின்) கோட்பாட்டு உச்சம் சுமார் 33 விழுக்காடு என்றால், முற்றிலும் தெளிவான கலத்துக்கு அது சுமார் 21 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது.

உடுமலைப் பக்கம் நிழல்வலைக் குடிலில் தக்காளி நாற்று வளர்க்கும் என் மாமாவிடம் சூரியப் பலகை பற்றிப் பேசியபோது, "பலகையக் கூரை மேல போட்டா நாத்துக்கு வெயிலு எங்கிருந்துங்க மாப்ள வரும்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இலையின் பச்சையம் பெரிதும் உண்பது நீலத்தையும் சிவப்பையும். இரண்டுமே மேற்சொன்ன எல்லைக்குள் இருக்கின்றன. அவருக்கு வேண்டியது அவற்றை நாற்றுக்கு விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும் ஓர் ஏடு. பெயர் அந்தப் பங்கீட்டைச் சொல்ல வேண்டும்.

அடுத்து "நெகிழ்". பிளாஸ்டிக்கு நெகிழி என்று பெயர் வைத்துவிட்டோம். அது செய்தித்தாள் வரை சென்று நிலைத்துவிட்டது. இனி "நெகிழ் கலம்" என்று எழுதினால் பிளாஸ்டிக் கலம் என்றே படிப்பார்கள். இந்தப் பொருளும் பெரும்பாலும் பிளாஸ்டிக் மேல்தான் படிகிறது என்பதால், தவறாகப் படித்தவருக்குத் தாம் தவறாகப் படித்தோம் என்பதே தெரியாது.

வளைதல் என்பது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தகட்டை வளைத்தால் அதன் வெளிப்பரப்பு நீள்கிறது; அந்த நீட்சி, தகட்டின் தடிமனை வளைவின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவு. எங்கள் ஆய்வகத்தில், ஒளியை விட்டுக்கொண்டே மின்சாரத்தையும் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு பூசிய 0.175 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளைப் பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேனாவில் சுற்றினோம். நீட்சி 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மல்டிமீட்டரில் மின்தடை சட்டென்று ஏறியது. தாளைப் பிரித்து மேசையில் தட்டையாக வைத்த பிறகும் பழைய எண்ணுக்கு அது திரும்பவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால் மட்டும் மயிரிழைக் கோடுகள் வரிசையாக மின்னின. வெள்ளி நானோகம்பிகளையும் கிராபீனையும் அந்த இடத்தில் வைத்துப் பார்க்க ஆய்வாளர்கள் முனைவது இதனால்தான். தாள் முறியவில்லை, மேலிருந்த ஆக்சைடுதான் முறிந்தது.

தெளிவும் வளைவும் ஒன்றுக்கொன்று இடையூறு செய்வதையும் பாடத்தில் சொல்லிவிடலாம். தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் கலந்த, ஒளியை மின்னாக்கும் படலத்தை நன்றாகப் படிய வைக்க 500 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை ஏறத்தாழத் தாங்கும் வளையும் தாள் பாலியிமைடு. அதன் நிறமோ காய்ச்சிய வெல்லப்பாகு போன்ற மஞ்சள். நிறமற்ற பாட்டில் பிளாஸ்டிக் தாள் அந்த வெப்பத்தின் பாதிக்கே உருகத் தொடங்கும்.

இனி என் பரிந்துரை. "படலம்" வேண்டாம், "ஏடு" போதும். தயிரின் மேல் படிவது ஏடு. பனையோலையில் எழுதியதும் ஏடு. இரண்டும் மெல்லியவை, இரண்டும் வளைபவை. கண்ணாடிமேல் படிந்த படலத்தை யாரும் ஏடு என்று சொல்லமாட்டார்கள் என்பதால் மென்மையையும் வளைவையும் ஒரே சொல் சுமந்துகொள்கிறது. "ஆடை" என்றும் எண்ணிப் பார்த்தேன், பாலாடை இருக்கிறதே என்று. ஆனால் திருப்பூரில் "மின்னாடை" என்றால் பனியனுக்குள் பேட்டரி வைத்துத் தைத்தது என்றே கொள்வார்கள். "மின்னேடு" ஏற்கனவே இணைய இதழுக்குப் போய்விட்டது.

ஒளி கடப்பதற்குத் "தெளி". நம் பக்கத்தில் பதநீரைத் தெளுவு என்கிறோம். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கிய சாற்றில் கலங்கல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதை வடித்து ஊற்றினால் தம்ளரின் அடி தெரியும். தெளிவு என்பதே தெளுவு ஆயிற்று என்று கொள்ளத் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே முதல் முறை "சூரியத் தெளியேடு", பிறகு "தெளியேடு" மட்டும்.

அன்புடன்,
கோவையிலிருந்து

* * *

அன்புள்ள தம்பிக்கு,

"ஒளிபுகு" பற்றிய தங்கள் மறுப்பை ஏற்கிறேன். இத்தனை ஆண்டு கற்பித்தும் எனக்கு அது தோன்றவில்லை. ஆனால் பெருந்துறையில் "தெளி" என்றால் முதலில் நினைவுக்கு வருவது மருந்து தெளிப்பதுதான். இந்தப் படலங்களில் சிலவற்றைக் கரைசலாகத் தெளித்தே செய்கிறார்கள் என்பதால் "தெளித்துச் செய்த ஏடு" என்று ஒரு மாணவர் எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்க என்னால் இயலாது. மேலும், சந்தையில் "தெளிவானது" என்று விற்கப்படுபவற்றில் பல, கறுத்த கலத்தைக் கோடுகோடாகச் சுரண்டி இடைவெளி விட்டவை. அவற்றுக்கும் இதே பெயரா?

* * *

ஐயா,

தெளித்தல் பற்றிய தடை உண்மையானது. எனினும் தெளிந்த, தெளித்த என்னும் இரு வினைகளுள் பெயரோடு ஒட்டித் தெளிநீர், தெளிதேன் என நிலைத்திருப்பது முன்னதே. அந்த வரிசையில் தெளியேடும் உட்காரும் என்று நம்புகிறேன். தெளித்துச் செய்வதைப் பாடத்தில் "தூவிப் படியவைத்தல்" என்று எழுதிவிட்டால் மோதல் எழாது.

சுரண்டி இடைவெளி விட்டவற்றுக்கு இப்பெயரைத் தரக்கூடாது. அவை ஒளியைத் தரம் பிரிப்பதில்லை, பரப்பைத்தான் பிரிக்கின்றன. கொசுவலை வழியே பார்ப்பது போன்றதுதான் அது. "சல்லடைக் கலம்" என்று தனியே எழுதுவோம். படலத்தை மெலிதாக்கியதால் பழுப்பாகத் தெரிபவற்றுக்குத் ஒளி சிறிதே கசிந்து வருவது என்னும் பொருளில் தாங்கள் முன்பு சொன்ன "ஒளிகசி" பொருந்தும்.

அட்டவணையில் ஒவ்வொரு ஏட்டுக்கும் எதிரே, முறியாமல் எவ்வளவு இறுக்கமாகச் சுருட்டலாம் என்பதை மில்லிமீட்டரில் தர ஒரு பத்தி வேண்டியிருக்கிறது. இப்போதைக்குத் "தாங்கு வளைவாரம்" என்று இட்டிருக்கிறேன். பாவு சுற்றும் உருளையில் நூல் அறாமல் இருக்க நெசவாளர்கள் இதற்கு இணையான சொல் ஏதேனும் வைத்திருந்தால், சோமனூர், சென்னிமலைப் பக்கம் உள்ள நண்பர்கள் கேட்டு எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.