புதுப்பிப்பு: பிலிப்பைன்ஸ் படிக்கட்டு நெல்வயல்கள் – எந்த ஊர், எந்த மாதம்?

சேலத்திலிருந்து முதன்முறையாக இபுகாவ் மலைகளின் பழைமையான படிக்கட்டு நெல்வயல்களைக் காணச் செல்கையில், பனாவே நகரில் தங்கினால் போதுமா, மலைக்குள் இருக்கும் பட்டாட் சிற்றூர் வரை செல்ல வேண்டுமா, எந்த மாதம் ஏற்றது என்று கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

பனாவேயின் காட்சிமுனைகளோடு நிறுத்திவிடாமல் பட்டாடில் இரவு தங்குமாறு ஏற்காட்டு நண்பர் ஒருவர் சொன்ன யோசனையே கைகொடுத்தது. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 5 வயல் தொகுதிகளுள் பட்டாட் உண்டு. பனாவே நகரையொட்டிய வயல்கள், படங்களில் அதிகம் தென்பட்டாலும், அவற்றுள் இல்லை. மணிலாவிலிருந்து இரவுப் பேருந்து, பனாவேயிலிருந்து ஜீப். சாலை ஊருக்கு முன்பே முடிந்துவிடுவதால் மீதியை நடந்தே கடக்க வேண்டும். மே மாதப் பள்ளி விடுமுறையில் சென்றோம். பயிர் பச்சைப்பசேலென நின்றது.

எதிர்பாராதது நடைபாதைதான். கல் அடுக்கிய தடுப்புச் சுவரின் மேல்விளிம்பே வரப்பு, அதுவே வழி. ஒரு பக்கம் சேற்றுநீர், மறுபக்கம் ஆள் உயரத்துக்கும் மேலான பள்ளம். சுமையோடு எதிரே வருபவருக்கு வழிவிட, எப்போதும் வயல் பக்கமாகவே ஒதுங்க வேண்டும் என்று வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிட்டார். காப்பித் தோட்டச் சரிவுகளில் நடந்து பழகிய எங்களுக்கும் இது புதிதாகவே இருந்தது. ஈரக் கல் வழுக்குவதால், நல்ல பிடிப்புள்ள காலணி என்ற பரிந்துரையும் மிகச் சரி.

வயல்களின் வயதைக் கேட்டிருந்தவருக்கு: 2000 ஆண்டுகள் என்பதே பரவலான கூற்று, எனினும் அண்மைய தொல்லியல் காலக்கணிப்புகள், இங்கு நெல் வயல்கள் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன், ஸ்பானியர் வருகைக்குப் பிறகே விரிவடைந்ததாகக் காட்டுகின்றன. பாசன நீர், மேலே ‘முயோங்’ எனப்படும் குடும்பக் காடுகளிலிருந்து இறங்குகிறது. பட்டாடில் ஏடிஎம் இல்லை. பெசோவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.