பிஸா பட்லரின் துணி உருவப்படங்களை நேரில் பார்த்த அனுபவம்

பிஸா பட்லர் துணியை வெட்டித் தைத்தே உருவப்படம் செய்யும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். 2021-இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சி நடந்தபோது போய்ப் பார்த்தேன். போன் திரையில் பார்த்தால் பெயின்டிங் போலத்தான் இருக்கும், கிட்டப் போய் நின்றால்தான் முகம், கை, சட்டை எல்லாமே வெட்டி அடுக்கித் தைத்த துணி என்று புரியும். ஒரு கன்னத்துக்குள்ளேயே ஊதா, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருக்கிறது. நிழல் வேண்டிய இடத்தில் மெல்லிய வலைத்துணி, உள்ளே பஞ்சு, எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் ஓட்டம். தோலுக்கு இயல்பான தோல் நிறத்தைத் தேடுவதில்லை, அந்த மனிதரின் குணம் என்ன, மனநிலை என்ன என்பதை வைத்தே நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது 'தி சேஃப்டி பேட்ரோல்' (2018), அதாவது சக பிள்ளைகள் பத்திரமாகச் சாலை கடக்க உதவும் மாணவர் காவல். சாலை ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் இரண்டு கையையும் விரித்துப் பின்னால் இருக்கும் பிள்ளைகளை மறித்து நிற்கிறான், அவ்வளவுதான் காட்சி. ஆனால் அவர்கள் எல்லோரும் ஆளுயரத்தில் நம்மை நேராகப் பார்க்கும்போது அந்தப் பையன் எதிலிருந்து இவர்களைக் காக்கிறான் என்ற கேள்வி வந்து மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளின் நிலைமை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்களிலிருந்துதான் செய்கிறார். பலவற்றில் இருப்பவர்கள் யார் என்றே பதிவு இல்லை. பெயர்கூட எழுதி வைக்கப்படாத அந்த மனிதர்களுக்கு கென்டே என்ற கானா நெசவுத்துணி, பட்டு, வெல்வெட், மேற்கு ஆப்பிரிக்க மெழுகு அச்சுத் துணி என்று உடுத்திவிடுகிறார். அப்பா கானாக்காரர், அம்மாவும் பாட்டியும் தையல் தெரிந்தவர்கள், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தது ஓவியம், பிறகு பள்ளியில் பல வருடம் ஓவிய ஆசிரியை. இது எல்லாமே அந்தத் துணியில் தெரிகிறது.

பெயின்டிங்காகவே வரைந்திருக்கலாமே என்று என்னுடன் வந்தவர் கேட்டார். எனக்கு ஹேரியட் பவர்ஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர், பைபிள் கதைகளைத் துணியில் வெட்டித் தைத்தவர். வறுமை தாங்காமல் அப்படித் தைத்த ஒரு குயில்ட்டை (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை) 5 டாலருக்கு விற்றுவிட்டு, அப்புறமும் அதைப் பார்க்கவென்றே வாங்கியவர் வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூரிகையும் கேன்வாஸும் கிடைக்காத பெண்கள் பழந்துணியை வைத்தே தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள், பட்லர் அந்த வரிசையில் வருகிறவர், அதனால் இது துணியில்தான் இருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம்.

வாஷிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: அடிமைத்தனத்திலிருந்து தப்பி மற்றவர்களையும் தப்புவித்த ஹேரியட் டப்மனைப் பட்லர் செய்த உருவம் அங்கே ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இப்போது காட்சியில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள், முதலில் தூரத்தில் நின்று பாருங்கள், அப்புறம் கிட்டப் போய்த் தையலைப் பாருங்கள். பார்த்தவர்கள் எந்தத் துணி உங்களை நிறுத்தியது என்று எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.